ஈர்க்கில் கோத்த மீன்

ஞானம் அக்காவின் வளவுக்குள் இப்போது எந்த நாயும் வருவதில்லை. பூனையும் வருவதில்லை. ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகளின் பந்து வேலிக்கு மேலால் போய் விழுந்தால் அதை எடுக்க ஒருவரும் போவதில்லை. பந்து அங்கேயே கிடந்து வெயிலில் வெளிறிப்போகிறது. பிறத்தியாருடைய எதுவும் என் காணிக்குள் கால்வைக்கக் கூடாது என்று காலையும் மாலையும் தொண்டை கிழியக் கத்திய மனுஷி அவர். கேட்டது கிடைத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி என்பதால் என் வாசல் படலையில் நின்றாலே அந்த முற்றம் முழுவதும் எனக்குத் தெரியும். அப்படியொரு அமைதி என் எதிரிக்கும் வேண்டாம்.

முழுப்பெயர் ஞானாம்பிகை. பிறந்தது, கட்டியது எல்லாம் யாழ்ப்பாணக் கரையில் எங்கள் மயிலிட்டியில்தான். புருஷன் கனகலிங்கம் அண்ணை கடல் தொழில். ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் பேசாத மனிதர். அவர் பேசாமல் விட்டதையும் சேர்த்து ஞானம் அக்கா பேசிவிடுவார் என்று நாங்கள் சிரிப்போம். பிள்ளைகள் இல்லை. வந்த மீனில் விற்காததை வெட்டி உப்பிட்டு, முற்றத்தில் தடிகள் நட்டு வலை இழுத்துக் கட்டிய பறணில் காயவைத்துக் கருவாடாக்கி விற்பார். அவருடைய கட்டாக் கருவாட்டை வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் சொல்லிவைத்து வாங்குவார்கள். கருவாட்டில் மண் ஒரு துகள் இருக்காது. அந்த விஷயத்தில் அவரைக் குறைசொல்ல என்னாலும் முடியாது, நான் எதிலும் குறை கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் எடுத்திருந்தும்.

தொண்ணூறில் சண்டை வந்து ஊரே ஓடியபோது அவர்களும் ஓடினார்கள். முதலில் முகாம். பிறகு பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய வளவின் மூலையில் கொட்டில் போட்டு இருக்க இடம் கிடைத்தது. காணிக்காரி நல்லவள்தான், ஆனால் அவளிடம் ஒரு நாய் இருந்தது. அது ஞானம் அக்காவின் பாயில் படுக்கும். உலைமூடியைத் தட்டிவிட்டுச் சோற்றைத் தின்னும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் அகப்பைக் காம்பால் ஒன்று போட்டுவிட்டார். காணிக்காரி வாசலில் நின்று ஒரு வசனம் சொன்னாளாம். "அது தன்ரை வளவிலை நிக்குது. நீங்கள்தான் பிறத்தி ஆக்கள்." சண்டைகூடப் பிடிக்கவில்லை, சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த வசனத்தை ஞானம் அக்கா என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று எனக்கே கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அதே குரலில், அதே முகத்தோடு சொல்வார்.

வெகு காலம் கழித்து ஆமியிடமிருந்து காணி விடுபட்டபோது ஊர் காடாய்க் கிடந்தது. வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. கிணறும் குசினிச் சுவரில் ஒரு துண்டும் மிஞ்சியிருந்தன, அந்தத் துண்டை வைத்துத்தான் காணியையே கண்டுபிடித்தார்கள். எல்லோரும் முதலில் கூரைக்கு ஓடினோம். ஞானம் அக்கா முதலில் வேலி போட்டார். கிளுவந் தடிகளைக் கதியாலாய் நட்டு, முள்ளுக்கம்பி இழுத்து, பனையோலை வைத்துக் கட்டி முடியும்வரை தறப்பாளுக்குக் கீழ்தான் படுத்தார். வேலி முடிந்த அன்று எங்களுக்கெல்லாம் சர்க்கரைத் தண்ணி தந்தார். வீடு குடிபுகுந்த அன்றுகூட அவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

பக்கத்துக் காணி கோபிகாவினுடையது. சின்னப் பெட்டை. புருஷன் சுதாகரன் கட்டாரில் வேலை. மகள் மதுரா அப்போது கைக்குழந்தை. தனியாக இருந்து இரவெல்லாம் பயந்து சாகிறாளே என்று ஞானம் அக்காவே ஒருநாள் கத்தியை எடுத்துத் தன் அருமை வேலியில் ஒரு பொட்டு வைத்தார். பொட்டு என்றால் ஆள் குனிந்து நுழைகிற அளவு இடைவெளி. எங்கள் ஊரில் இரண்டு வீடு ஒற்றுமையாய் இருந்தால் நடுவேலியில் ஒரு பொட்டு இருக்கும். படலையைச் சுற்றி வருகிறவர் விருந்தாளி, பொட்டால் வருகிறவர் வீட்டு ஆள். அந்தப் பொட்டால் தவழ்ந்து போய்த்தான் மதுரா நடக்கப் பழகினாள். அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்ததும், கண்ணூறு கழித்ததும், முதல் பல்லைப் பார்த்ததும் ஞானம் அக்காதான்.

மீனுக்கும் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கனகலிங்கம் அண்ணை கரைக்கு வந்ததும் கறிக்கு என்று கொஞ்சம் பிரித்துக் கொண்டுவருவார். அதில் இரண்டொன்றை ஞானம் அக்கா ஓலை ஈர்க்கில் கோப்பார். செவுளுக்குள்ளால் விட்டு மீனின் வாய்வழியே எடுத்து வளையமாக ஒரு முடிச்சு. அந்தக் கோர்வையைப் பொட்டுக்குப் பக்கத்துக் கதியாலில், வெட்டிவிட்ட கிளையின் கணுவில் கொழுவிவிட்டு வந்துவிடுவார். கூப்பிடமாட்டார். கோபிகா பார்த்த நேரம் எடுத்துக்கொள்வாள். மத்தியானம் அவள் சமைத்ததில் முதல் கிண்ணம் இந்தப் பக்கம் வரும். மீன் தந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அந்த வீட்டில் சோறு போடுவது. தந்தேன் என்றும் வாங்கினேன் என்றும் ஒரு சொல் இல்லாமல் இது வருஷக்கணக்காய் நடந்தது.

பிறகு நாய் வந்தது.

ஒழுங்கையில் ஒருநாள் அந்நிய ஆட்கள் நடமாடியதைக் கண்டு, ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு ஒரு நாயாவது இருக்கட்டும் என்று கோபிகா எங்கிருந்தோ ஒரு குட்டியை வாங்கிவந்தாள். பெயர் வீமன். பெயர் வைத்தவர்களுக்கு எதிர்காலம் தெரிந்திருக்கவேண்டும். ஒரு வருஷத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. தின்னும் வேகத்தைப் பார்த்தால் பெயருக்கு ஒரு குறையும் இல்லை. பொட்டு மனிதருக்கு என்று வைத்தது, அதை நாய்க்கு யார் சொல்வது? காலையில் எழும்பினால் அதன் முதல் பயணம் ஞானம் அக்காவின் முற்றத்துக்குத்தான். பறணில் எட்டி இழுக்கும். கோழியைத் துரத்தும். ஆளைக் கண்டால் ஓடாது. நின்று, வாலையும் ஆட்டாமல், வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல் பார்க்கும். அந்தப் பார்வைதான் ஞானம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"ஏதோ அதின்ரை வளவுக்குள்ளை நான் வந்து நிக்கிறன் எண்டமாதிரியெல்லே பாக்குது," என்றார் ஒருநாள் என்னிடம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கனடாவுக்குப் போகிற ஒருவருக்காக எடுத்துவைத்திருந்த கட்டாக் கருவாட்டில் வீமன் கைவைத்த அன்றுதான் வெடித்தது. பாதியைத் தின்றது, மீதிமேல் காலைத் தூக்கி மூத்திரம் பெய்துவிட்டுப் போனது. ஞானம் அக்கா பொட்டடியில் நின்று கூப்பிட்டார். நான் என் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன், ஒரு சொல் விடாமல் கேட்டது.

"கோபிகா! உன்ரை நாயைக் கட்டி வை. இதோடை எத்தினை தரம் சொல்லிப்போட்டன்?"

"கட்டினனான் அக்கா. அறுத்துக்கொண்டு வருது. நாய்க்கு எல்லை தெரியுமோ?"

"நாய்க்குத் தெரியாட்டி வளக்கிறவைக்குத் தெரியவேணும். இது என்ரை வளவு."

கோபிகாவும் அன்று என்ன மனநிலையில் இருந்தாளோ, புருஷனிடமிருந்து தொலைபேசி வராத கிழமையோ, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். "உங்கடை கருவாட்டு நாத்தத்தை நாங்கள் ஒவ்வொரு நாளும் பொறுத்துக்கொண்டு இருக்கேல்லையோ? அது மட்டும் எல்லை பாத்தே வருது?"

ஞானம் அக்கா உள்ளே போய் இலந்தை முள்ளுக் கட்டு ஒன்றைத் தூக்கிவந்து பொட்டை அடைத்தார். அடுத்த நாள் கதியாலில் மீன் தொங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மதுரா முள்ளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று "பெரியம்மா" என்று கூப்பிடுவாள். இந்தப் பக்கம் சத்தம் வராது. இரண்டு பேருக்கும் புத்தி சொல்ல எனக்கு வாய் துடித்தது. ஆனால் அயலுக்குள் சண்டை என்றால் நடுவில் போகிறவள் தலையில்தான் விடியும் என்று பேசாமல் இருந்தேன்.

வீமனுக்கு முள் ஒரு பொருட்டே இல்லை. வேலிக்கு அடியால் மண்ணைக் கிண்டிக்கொண்டு வந்தது. முதலில் ஞானம் அக்கா கத்தினார், கல் எறிந்தார், சுடுதண்ணி ஊற்றப்போவதாகப் பயமுறுத்தினார். பிறகு ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு முதலில் நிம்மதியாய்த்தான் இருந்தது. ஆனால் படலையில் நின்று பார்த்தால், நாய் முற்றத்தில் உலாத்துகிறது, அவர் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல் எடுக்கவில்லை. சீ என்றுகூடச் சொல்லவில்லை. எங்கே முகர்கிறது, எதைத் தின்கிறது, எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்க்கிறார். கத்துகிற ஞானம் அக்காவை எனக்குத் தெரியும், பயமில்லை. பேசாமல் பார்க்கிற அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் அடுப்பில் பால் பொங்கினால்கூட அந்த நாட்களில் எனக்கு மனம் திடுக்கிட்டது.

"என்ன அக்கா, நாயோடை ராசியாகிட்டியளோ?" என்று வேலிக்கு மேலால் ஒரு நாள் பகிடியாய்க் கேட்டேன்.

"ஓம் பிள்ளை," என்றார். "இனி ஒரு பிரச்சினையும் வராது."

அதற்குப் பிறகு நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். தோட்டம் செய்கிற சொந்தக்காரர் ஒருவரிடம் போய், கதியாலில் கறையான் என்று சொல்லி, பயிருக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சம் வாங்கிவந்திருக்கிறார். அன்று காலை கனகலிங்கம் அண்ணை கொண்டுவந்த கறிமீனில் நல்ல விளைமீன் ஒன்று இருந்தது. அதைத் தனியே எடுத்தார்.

"இதை விக்கலாமெல்லே," என்றாராம் அண்ணை.

"எனக்குத் தேவை இருக்கு."

அண்ணைக்கு அதற்குமேல் கேட்கத் தெரியாது. படுக்கப் போய்விட்டார். கடலுக்குப் போய் வந்தவர் மத்தியானம்வரை எழும்பமாட்டார்.

சின்ன மீன் என்றால் வயிற்றில் மருந்து நிற்காது, அதனால்தான் பெரியது. நிலத்தில் போட்டால் தன் கோழிகள் கொத்திவிடும், அதனால் உயரத்தில் வைக்கவேண்டும். வீமன் எப்போதும் பொட்டடியில்தான் வந்து நின்று முகரும், எட்டி இழுக்கும் உயரமும் அதுதான். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தார். யோசிக்காமல் செய்தது ஒன்றே ஒன்று. உயரத்தில் வைப்பதென்றால் எதிலாவது கொழுவவேண்டும். கை தன்பாட்டில் ஈர்க்கு ஒன்றை எடுத்தது. செவுளுக்குள்ளால் விட்டு வாயால் எடுத்து முடிச்சிட்டது. கதியாலின் அதே கணுவில் கொழுவியது. பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார், கருவாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பருத்தித்துறைச் சந்தைக்கு பஸ் ஏறினார். நாய் சாகிறதைப் பார்க்க மனம் இல்லையாம்.

அன்று வியாபாரம் நல்லாய்த்தான் நடந்ததாம். ஆனால் ஏதோ ஒன்றை அடுப்பில் வைத்து மறந்துவிட்டு வந்ததுபோல நெஞ்சுக்குள் ஒரு அரிப்பு. பாதியை விற்காமலே திரும்பிவிட்டார். அவர் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் வந்தபோது எனக்கும் கருவாடு தேவைப்பட்டது, பின்னாலேயே அவர் முற்றத்துக்குள் போனேன். அது விதி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு அன்று மத்தியானக் கறிக்கு ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பறணுக்குப் பின்னால் வீமன் கிடந்தது. வாயில் நுரை. நான்கு காலும் விறைத்துப்போய், மண்ணை வாரி வாரிக் கிண்டியிருந்தது.

"ஐயோ அக்கா, இதென்ன!"

"செத்துப்போச்சு," என்றார். அவர் குரலில் ஆச்சரியம் இல்லை. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஏசலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவர் நாயைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதியாலின் கணு வெறுமையாய் இருந்தது. ஈர்க்கும் இல்லை. நாய் இழுத்திருந்தால் ஈர்க்கு அறுந்து கணுவில் தொங்கவேண்டும், இல்லையென்றால் கீழே செதிலோ முள்ளோ கிடக்கவேண்டும். நிலம் சுத்தமாய் இருந்தது. அதைவிட இன்னொன்று. பொட்டை அடைத்திருந்த இலந்தை முள்ளுக் கட்டு அந்த இடத்தில் இல்லை. யாரோ அதைத் தூக்கி, ஒருவருக்கும் குத்தாத மாதிரி வேலியோரம் பக்குவமாய்ச் சாத்தியிருந்தார்கள். பொட்டு திறந்து கிடந்தது.

ஞானம் அக்கா பெட்டியை இறக்கி வைத்தார். அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பொட்டுக்கு அந்தப் பக்கத்தில் கொலுசுச் சத்தம் கேட்டது. மதுரா குனிந்து வந்தாள். இரண்டு கையிலும் ஒரு கிண்ணம், அதன்மேல் தட்டு மூடி. சிந்தக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தாள். புளி விட்ட மீன்குழம்பு வாசம் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது.

"பெரியம்மா, அம்மா தரச்சொன்னவ." எத்தனையோ நாளைக்குப் பிறகு பொட்டால் வந்த சந்தோஷம் அந்தப் பிள்ளையின் முகத்தில் அப்படியே இருந்தது. "வீமன் இஞ்சை வந்தவனோ? மீன்ரை செவுளும் குடலும் போடத் திண்டிட்டு ஓடிவந்தவன்."

நான் பறணுக்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஞானம் அக்கா முழங்காலில் விழுந்து பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்தார். "நீ சாப்பிட்டியோ? ராசாத்தி, சொல்லு, சாப்பிட்டியோ?"

"இல்லை. உங்களுக்குக் குடுத்திட்டு வந்தாத்தானாம்."

"அம்மா?"

"அம்மா உப்புப் பாத்தவ. எனக்கும் கையிலை ஒரு சொட்டு விட்டவ. உறைச்சுது. துப்பிப்போட்டன்."

கிண்ணம் கைதவறியதா, அவர் தட்டிவிட்டாரா தெரியாது. குழம்பு மண்ணில் கொட்டியது. யாருக்காக மீனை உயரத்தில் கொழுவினாரோ அந்தக் கோழிகள் எல்லாம் செட்டை அடித்துக்கொண்டு ஓடிவந்தன. "துரத்து! துரத்து!" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு, அவர் பொட்டுக்குள்ளால் பாய்ந்தார். சாத்தியிருந்த முள்ளில் சேலை பட்டு நீளத்துக்குக் கிழிந்தது. நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கோழிகளைக் காலால் உதைத்துக் கலைத்து, ஒரு தகரத்தால் குழம்பை மூடிவிட்டு, பின்னால் ஓடினேன்.

கோபிகா குசினிக்குள் இரண்டு தட்டில் சோறு போட்டுவிட்டு இருந்தாள். முகம் வியர்த்திருந்தது. அடுப்பு வெக்கை என்று நினைத்திருப்பாள். ஞானம் அக்காவைக் கண்டதும் எழும்பினாள், கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, கோவம் போயிட்டுதோ? காலமை கதியாலிலை கண்டவுடனை எனக்கு அழுகை வந்திட்டுது. நானெல்லே முதல் வந்து கதைச்சிருக்க வேணும். அண்டைக்கு நான் சொன்னது பிழை அக்கா."

ஞானம் அக்கா சட்டியைத் தூக்கிப் பின்பக்கம் வீசினார். மண்சட்டி உடைந்தது. கோபிகா பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அது நாய்க்கு வச்சது!"

கோபிகாவின் முகம் சுருங்கியது. நாய்க்கு வைத்ததை எடுத்துச் சமைத்துவிட்டோமே என்ற வெட்கம்தான் முதலில் வந்தது, நான் கண்ணால் பார்த்தேன். "ஐயோ, எனக்கெண்டு நினைச்செல்லே..." என்று இழுத்தாள்.

"மருந்து வச்சது, கோபிகா. நஞ்சு! எவ்வளவு வாயிலை வச்சனி? சொல்லடி பிள்ளை, எவ்வளவு?"

அவள் கையை நெஞ்சில் வைத்தாள். பிறகு குனிந்து சத்தி எடுக்கத் தொடங்கினாள்.

நான் ஒழுங்கைக்கு ஓடிக் கத்தினேன். எங்கள் ஒழுங்கைச் செந்தூரனின் ஆட்டோ அங்கே நின்றது நல்லதாய்ப் போயிற்று. கோபிகாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனோம். ஞானம் அக்கா கிழிந்த சேலையோடு, கோபிகாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கீரிமலைச் சிவனில் தொடங்கித் தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் என்ன மருந்து என்று டாக்டர் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார். யார் வைத்தது என்று கேட்டபோதும் சொன்னார். அங்கே நின்ற பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. கோபிகா நன்றாய்க் கஷ்டப்பட்டாள், ஆனால் தப்பிவிட்டாள். மருந்தின் பெரும்பகுதி குடலோடு நாயின் வயிற்றுக்குள் போயிருந்தது. மிச்சமும் அவளுடைய கைராசியால் குறைந்தது. கழுவும்போது ஒரு மாதிரி மணத்ததாம். படகில் மண்ணெண்ணெய் பட்ட மீன் என்று நினைத்து, மஞ்சளும் உப்பும் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவியிருக்கிறாள். எங்கள் ஊரில் எந்த மீன்தான் கொஞ்சமாவது மண்ணெண்ணெய் மணக்காது? பொலிஸ்காரர் கேட்டதற்கு, தனக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு ஞானம் அக்கா அழுதார். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவள் வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் ஞானம் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பொட்டடிக்குப் போனார். அந்தப் பக்கம் கால்வைக்கவில்லை. கோபிகா மெலிந்துபோய், மகளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, வேலிக்கு அப்பால் வந்து நின்றாள்.

"பிள்ளை, நாய்க்குத்தான் வச்சனான். என்ரை தாலியிலை சத்தியம்."

கோபிகா கோபப்படவில்லை. நிதானமாய்த்தான் கேட்டாள்.

"அக்கா, ஆராவது நாய்க்கு ஈர்க்கிலை கோத்து வைப்பினமோ?"

ஞானம் அக்கா கதியாலின் கணுவைத் திரும்பிப் பார்த்தார்.

"நாய்க்கெண்டால் நிலத்திலை எறிஞ்சிருப்பியள். நீங்கள் கோத்து, முடிஞ்சு, எனக்குத் தூக்கிற இடத்திலை தூக்கியிருக்கிறியள். அதுவும் நல்ல விளைமீன்."

"நிலத்திலை போட்டால் கோழி கொத்திப்போடும் எண்டு..."

"கோழிக்கு யோசிச்சிருக்கிறியள், அக்கா," என்றாள் கோபிகா. "இவளுக்கு யோசிக்கேல்லை."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அடுத்த நாள் ஆள் பிடித்துப் பொட்டைத் தகரத்தால் அடைத்து ஆணி அடித்தாள். அந்தக் கதியாலையும் வெட்டிவிடச் சொன்னாள். சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. மதுரா பள்ளிக்கூடம் போகும்போது ஒழுங்கையில் என் வீட்டுப் பக்கமாய் ஒதுங்கிப் போகிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அந்தப் படலையைக் கடக்கும்போது மூச்சையும் பிடித்துக்கொண்டுதான் போகிறாள்.

ஊர் சும்மா இருக்குமா? பிள்ளை இல்லாதவள், பொறாமை என்றார்கள். முதலிலேயே கோபிகாவுக்குத்தான் குறி, நாய் வெறும் சாட்டு என்றார்கள். ஈர்க்குக் கதை கோவிலடிவரை போய்விட்டது. எங்கே திரும்பினாலும் அதே கேள்வி, நாய்க்கு யார் கோத்து வைப்பார்கள்? கருவாட்டுக்குச் சொல்லிவைத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராய் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கனகலிங்கம் அண்ணை பேசிக்கொண்டிருந்த பத்துச் சொல்லும் ஐந்தாகிவிட்டது.

ஞானம் அக்கா என் வீட்டுக்கு மட்டும் வருவார். ஒருநாள் குசினி வாசலில் குந்தியிருந்து தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை கோத்திட்டுது பிள்ளை. அந்தக் கதியாலடிக்கு மீனோடை போனால் கைக்கு வேறை ஒண்டும் தெரியாது. நீ நம்புறியோ?"

"நம்புறன் அக்கா. எனக்குத் தெரியாதே உங்களை," என்றேன்.

உண்மையாய்த்தான் சொன்னேன். யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன், கோவிலடியில் நாலு பேருக்கு முன்னாலும் சண்டை பிடித்துச் சொல்லியிருக்கிறேன். ஆட்டோவுக்குள் அந்த மனுஷி அழுத அழுகையைக் கூடவிருந்து கேட்டவள் நான்.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "அவள் கேட்ட நாளிலையிருந்து நானும் யோசிச்சுப் பாக்கிறன். முடிச்சுப் போடேக்கை மனசுக்குள்ளை நாய் மட்டும்தான் நிண்டதோ எண்டு. கருவாட்டு நாத்தம் எண்டு சொன்னவளெல்லே. யோசிக்க யோசிக்க எனக்கே தெரியேல்லை."

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை என் படலையில் ஒரு கோர்வை தொங்கியது. அப்போதுதான் கரைக்கு வந்த ஒட்டி மீன், கண் பளிச்சென்று, செவுள் சிவந்து, ஈர்க்கில் அழகாய் முடிந்து. எதிரே அவர் தன் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டு அதை எடுத்தேன். நல்ல மீன் அக்கா என்று அவருக்குக் கேட்கச் சொன்னேன். அவர் முகம் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு மலர்ந்தது.

மீனைக் குசினிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முகர்ந்து பார்த்தேன். கொஞ்சம் மண்ணெண்ணெய் மணந்தது. பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால், அவர் படலையிலிருந்து தெரியாத இடத்துக்குப் போனேன். நாய் எதுவும் கிண்டி எடுக்காத ஆழத்துக்குக் குழி வெட்டி, ஈர்க்கோடு தாட்டுவிட்டு வந்தேன்.